அத்தா என்று ஒரு சொல்

ஆவணி 4, புதன்

இன்று என் ஆய்வைப் பற்றிப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் முதல்முறையாகப் பேசினேன். ஆன்லைனில்தான். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊருக்கு மேலே உள்ள பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். என் அப்பா, நைனாவும் கூட வந்து உட்கார்ந்துகொண்டார்.

கோத்திக் என்னும் பழைய ஐரோப்பிய மொழியில் அப்பாவுக்கு 'அத்தா' என்று பெயர். நாம் 'மரம்', 'மரத்தின்' என்று மாற்றுவது போல, அவர்கள் 'அத்தா', 'அத்தின்ஸ்' என்று மாற்றுவார்கள். இதைச் சொன்னதும் என் பேராசிரியர் குறுக்கிட்டார்.

"நம்ம பக்கமும் சிலர் அப்பாவை 'அத்தா'ன்னு கூப்பிடுறாங்களே. தமிழ்ல இருந்துதானே போயிருக்கு?"

என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். இருந்தும் சொல்லிவிட்டேன்.

"இல்லீங்க சார். குழந்தைங்க வாயில சுலபமா வர்ற சத்தம் இது. சம்பந்தமே இல்லாத பல மொழிங்கள்ல இருக்குது."

அவர் முகம் சுருங்கியது. கீழே இறங்கும்போது நைனா கேட்டார்.

"ஆமான்னு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரே?"

"ஆதாரம் இல்லாம எப்படி நைனா சொல்றது?"

பிறகு சாமான் வாங்க ஆலங்காயம் போகிற ஜீப்பில் ஏறியதும் நைனா எல்லாரிடமும் ஆரம்பித்துவிட்டார்.

"எம்பொண்ணு அவ்ளோ பெரிய சாரையே இல்லன்னு சொல்லிட்டா!"

"இன்னா இல்லன்னு?" என்றார் டிரைவர்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா இல்லன்னா இல்லதான்."

சார் கையெழுத்துப் போடுவாரா, தெரியவில்லை. நைனா வாசலில் பக்கத்து வீட்டாரிடம் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.