முதலில் வரவேண்டிய பதக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். உங்கள் பதக்கங்களுக்காகத் தையல்காரர் கடை மாடிப்படியை இந்த வாரம் மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறேன். போனில் சொல்லலாமென்றால், இந்தப் பேச்சை எடுத்ததுமே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். முப்பத்திரண்டு வருஷம் ஆகாயத்தில் இருந்து தரையோடு பேசியவருக்கு என்னோடு பேச மட்டும் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரிப்பன்கள் நைந்துவிட்டன, ஓய்வு பெறும் நாள் அணிவகுப்புக்குப் புதிதாக வரிசைப்படி தைத்து வை என்று பட்டியல் அனுப்பினீர்கள். எட்டுப் பதக்கம். கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் உங்கள் பழைய ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தால், அடியில் துணியில் சுற்றி ஒன்பதாவது இருக்கிறது. வீரத்துக்காகக் கொடுத்தது. வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று சொன்னீர்களே, அதே பதக்கம். எத்தனை வீட்டுப் பரணில் ஏறித் தேடியிருப்பேன்! சாமான் ஏற்றிய லாரிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.

அதை எடுத்துக்கொண்டு போனால் தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீரப் பதக்கம்தான் வரிசையில் முதலாம், சட்டைப் பொத்தானை ஒட்டி வரவேண்டுமாம். கடைசியில் செருக முடியாது, தைத்த எட்டையும் பிரிக்கணும், ஐயாவைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கேட்டேன். சிக்னல் போய்விட்டது.

ஏன் ஒளித்தீர்கள் என்று தெரியாதவளா நான்? தீப்பிடித்த விமானத்தை ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு பேரும்தான் இறக்கினீர்கள். நீங்கள் பிழைத்தீர்கள், பக்கத்து இருக்கைக்காரர் பிழைக்கவில்லை. இருவருக்கும் ஒரே பதக்கம். எனக்கு அதைப் போட மனசு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே எடுத்து ஒளித்து வைத்திருப்பேன். என்னிடம் போய்ப் பொய் சொன்னீர்களே, அதுதான் ஆறவில்லை.

நேற்று அந்தப் பக்கத்து இருக்கைக்காரரின் மனைவி, நம் அக்கா வந்திருந்தார். உங்கள் அணிவகுப்புக்கு வருகிறாராம். இறந்தவர் பதக்கத்தை வீட்டார் வலது பக்கம் குத்திக்கொள்வது வழக்கம் அல்லவா, மெல்லிய துணியில் அந்த ஊசி நிற்குமா என்று கேட்கத்தான் வந்தார். மேசைமேல் உங்களுடையதைப் பார்த்துவிட்டார். தொலைந்துவிட்டது என்றல்லவா உன் வீட்டுக்காரர் சொன்னார் என்றார். நான் என்னத்தைச் சொல்ல? உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் ஒருத்தியாவே எத்தனை வருஷம்மா இதைப் போட்டுக்கிட்டு நிக்கிறது?" என்றார். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

இன்று காலை போய் எட்டையும் பிரிக்கச் சொன்னேன். உங்களைக் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. சாயங்காலம் ஒன்பதும் தைத்து வந்துவிட்டன. அதுதான் முதலில் இருக்கிறது. வேண்டாமென்றால் மொத்தத்தையும் நீங்களே உட்கார்ந்து பிரிக்க வேண்டும். உங்களுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இருமல் மருந்தை நிறுத்தாதீர்கள். அக்கா முன்வரிசையில் இருப்பார். அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். இத்தனை வருஷத்தில் உங்களிடம் நான் பிடிவாதமாகக் கேட்பது இது ஒன்றுதான்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத,
உங்கள் மனைவி