ராணி தப்பித்துவிட்டாள் என்கிறார் உன் அப்பா

அன்புள்ள வாலு,

இங்கே நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முதுகுவலி தேவலை, பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடப்பதால் வலிக்க நேரமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். நான் உனக்குச் சித்தியாக வந்த புதிதில், நீ ராணியாகவும் நான் மிச்சப் பேர் எல்லாருமாகவும் வாசிப்போமே, அந்த நாடகத்தைப் படமாக எடுத்திருக்கிறார்கள். கெடுத்திருப்பார்கள் என்று பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன், இல்லை. அரண்மனையை விட்டுப் போவதா வேண்டாமா என்று அவள் ஐந்து பக்கம் புலம்புவாளே, அதைப் பேச்சே இல்லாமல், செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாகக் காட்டிவிட்டார்கள். எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. கடைசியில் காவலன் கதவைத் திறந்துவிடுகிறான், வெளிச்சம் அவள் காலில் விழுகிறது, அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. வரவே இல்லை. வழியெல்லாம் உன் அப்பா, "நல்லவேளை, தப்பிச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாடகத்தில் அந்தத் திறந்த கதவுக்கு முன்னால் அவள் உட்கார்ந்து அங்கேயே சாவாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் தப்பித்த கதைதான்.

இரண்டு மாதம் உன்னிடம் வந்து இருக்கச் சொன்னதற்கு நான் பதிலே எழுதவில்லை. நம் வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. தெருவுக்குப் போக அப்பாவின் மெஷினைத் தாண்டி, பட்டன் தைக்கும் அக்காவைத் தாண்டி, அளவு கொடுக்க நிற்பவர்களை விலக்கிக்கொண்டு கடை வழியாகத்தான் போக வேண்டும். "எங்க கிளம்பிட்டே?" என்று யாராவது கேட்பார்கள். சும்மாதான் என்று சொல்லித் திரும்பி உள்ளே வந்த நாட்கள் எத்தனையோ. அப்பா விடமாட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று கேட்டேவிட்டேன். அவர் கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போயிட்டு வாயேன், யாரு உன்னப் புடிச்சு வச்சிருக்கா?" என்றார். பட்டன் அக்கா வேறு, "போம்மா, அண்ணன் சமைச்சு அண்ணனே சாப்பிடட்டும், அப்பத்தான் நம்ம அருமை தெரியும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. அவர் பிடித்து வைக்கவில்லை என்றால் இத்தனை வருடம் என்னைப் பிடித்து வைத்திருந்தது யார்?

டிக்கெட் எடுத்துவிடு. குளிரில் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் மனசு நிறைய நன்றாக இரு, கண்ணு. ஒன்று மட்டும் மறக்காதே. நடுவில் நான் ஃபோன் செய்வேன். அப்பாவின் முதுகு, சீருடை, மழை என்று ஏதாவது சொல்லி வேண்டாமென்பேன், அழக்கூடச் செய்வேன். கேட்காதே. ரத்து செய்யாதே.

உன் சித்தி