ஊதி அணைத்த சூடம்

ஒக்டோபர் 9, வியாழன்

செபமாலை மாதம். வீடு வீடாகச் சுற்றிவரும் மாதா சொரூபம் இன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. விரிப்புக்குக் கஞ்சி போட்டு, மெழுகுதிரிகளைச் சம உயரத்தில் வைத்து, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடைசியில்தான் கெட்டது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த கருப்பம்மா, என் மருமகள் துஷாந்தினியின் தாய், முந்தானையில் முடிந்திருந்த சூடத்தை வெற்றிலையில் வைத்து மாதாவுக்கு முன்னால் கொளுத்தினாள். பங்கு மக்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து வாயால் ஊதி அணைத்தேன். “இது மாதா. உங்க காளியம்மன் இல்லை” என்றும் சொன்னேன்.

துஷாந்தினி அந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு வருத்தமில்லை. வழிபாட்டில் ஒழுங்கு வேண்டும். கொன்வென்டில் சிஸ்டர்மார் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள்.

ஒக்டோபர் 10

விடிந்ததும் தாயும் மகளும் போய்விட்டார்கள். ஏழு மாத வயிற்றோடு, பஸ்ஸில்.

மகன் அலோசியஸ் தேத்தண்ணீரைத் தொடவில்லை. “ரெண்டு புள்ள தங்கலம்மா. இதாவது தங்கணும்னு மாமி மாதாகிட்ட வேண்டிக்கிட்டாங்க. அதுக்குத்தான் அந்தச் சூடம். அதப் போயி வாயால ஊதிட்டீங்களே.”

தோட்டத்து மக்கள் விளக்கை வாயால் ஊதமாட்டார்கள். அபசகுனம். எனக்குத் தெரியாதா? இந்த ஊரில்தானே கிழவியானேன். தெரிந்தே ஊதினேனா, தெரியாமல் ஊதினேனா? இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை. பூசைக்குப் போனேன். நற்கருணைக்கு எழும்ப முடியவில்லை. காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வேதப் பகுதியை எத்தனை பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் பாடமாக்கக் கொடுத்திருக்கிறேன்! எல்லோரும் வரிசையில் போக, முன் வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும் பக்கத்து வாங்கு ரீட்டா கேட்டாள்: “என்ன டீச்சர், முழங்கால் புடிச்சுக்கிச்சா?”

ஆமாம் என்றேன். கோயில் வாசலில் நின்று பொய்.

ஒக்டோபர் 15

அலோசியஸ் வேலை முடிந்து நேரே தெமோதரைக்குப் போகிறான். ஒரு ஆளுக்குச் சமைப்பது அலுப்பு.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இன்றும் நற்கருணைக்கு எழும்பவில்லை. ரீட்டா ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் குடையை எடுத்துக்கொண்டு “நட” என்றிருப்பார். இப்போது யார் சொல்வது?

ஒக்டோபர் 20

போனேன். தெமோதரைக்குத்தான். இன்று தீபாவளி என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் புதுச்சேலை. வாசலில் என்னைக் கண்டதும் கருப்பம்மா, “பாத்து வாங்க சம்பந்தியம்மா, உள்ள வெளக்கு எரியுது” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எத்தனையோ பேரிடம் இங்கிலீஷில் ‘சொறி’ சொன்ன வாய்தான். தமிழில் வர மறுத்தது. நின்றபடியே, “நான் செய்தது பிழை, சம்பந்தி. மன்னிச்சிருங்க” என்றேன்.

“எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? நான் வேண்டிக்கிட்டது ஒங்க சாமிகிட்ட. அங்க போயி சொல்லுங்க.”

திரைச்சீலைக்குப் பின்னால் துஷாந்தினி இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை. புறப்படும்போது கருப்பம்மா முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அவருடைய கல்லறையில் புல் பிடுங்கி, பூ வைத்தேன். மரித்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று சிறு வயதிலிருந்து விசுவாசப் பிரமாணத்தில் தடுமாறாமல் சொல்கிறேன். ஒரு மருமகள் திரும்பி வருவாள் என்று நம்புவதற்கு ஏன் இந்தப் பாடு?

நவம்பர் 7

காலையில் தேத்தண்ணீர் ஊற்றும்போது ஆண்டவரிடம் அவள் பெயரைச் சொல்கிறேன். முன்பெல்லாம் அவளைத் திருத்தித் தரும்படி கேட்பேன். இப்போது பெயர் மட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று அலோசியஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “நாளைக்கு கிளினிக். எனக்கு லீவு இல்ல. மாமிக்குக் கொழுந்து பறிக்கப் போகணும். அத்தைய வரச் சொல்லுங்கன்னு அவளே சொன்னாம்மா.”

பதுளை ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. “ராவு முழுக்கத் தூக்கமில்ல அத்த” என்றாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அடுத்தவளைப் போகச் சொல்லிக் கைகாட்டினேன். அவள் தானாக விழிக்கும்வரை அசையவில்லை.

பிள்ளை நன்றாக இருக்கிறதாம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

பிறகு அவள் தெமோதரை பஸ்ஸில்தான் ஏறினாள். வீட்டுக்கு வா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. பஸ் அசையும்போது யன்னலால் தலையை நீட்டி, “ஞாயித்துக்கெழம பூசைக்கு வர்றேன் அத்த. எடம் வைங்க” என்றாள்.

முன் வாங்கு அவளுக்குச் சரிவராது. கடைசி வாங்கில் வைப்பேன். அங்கே சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது.