பல் உடைக்காத கேசட்

786

தாராவி, பம்பாய் – 17
3.4.1986

அன்பு மகன் முகைதீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உம்மா, தங்கச்சி மெஹராஜ் மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தம்மாமில் நீயும் ரூமில் உன்னோடு இருக்கிறவர்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் ஜே என்ற எழுத்து இப்போது இல்லை. பட்டன் இருக்கிறது, எழுத்து இல்லை. பட்டறையிலிருந்து வந்த கையோடு அதைத் தொட்டேன். விரலிலிருந்த, தோல் ஒட்டுகிற சொலூஷன் அதில் ஒட்டிக்கொண்டது. பையில் சொலூஷன் பட்டால் என்ன செய்வோம், தின்னர் போட்டுத் துடைப்போம். துடைத்தேன். சொலூஷனும் போனது, எழுத்தும் போனது. முப்பது வருஷமாகத் தோல் பை தைக்கிறவன், எதை எதால் துடைக்க வேண்டும் என்று ஊருக்கே புத்தி சொல்கிறவன்! உன் உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, விட்டால் மீதி எழுத்தையும் சுத்தம் பண்ணிடுவீங்க போலிருக்கே என்றாள். ஆகவே யோசனை கேட்ட உன் சிநேகிதன் வெயிலுமுத்துவுக்கு என் முதல் யோசனை, தின்னர் கூடாது. லேசாக ஈரமான துணி போதும்.

வெயிலுமுத்துவும் இதே மாதிரிக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான், எந்தக் கேசட்டைப் போட்டாலும் ஏற மாட்டேன் என்கிறது, மெஹராஜிடம் நுணுக்கமெல்லாம் எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். மெஹராஜுக்கு நேரமில்லை, காரணம் பின்னால் சொல்கிறேன். அதனால் நானே எழுதுகிறேன். ஆறாம் கிளாஸோடு நின்றவனிடம் கம்ப்யூட்டர் யோசனை கேட்க வேண்டிய நிலைமை உன் சிநேகிதனுக்கு வந்துவிட்டது. அவன் அம்மா ஆறுமுகத்தாயிடம் சொல்லிவிடாதே, ஊரில் இருந்துகொண்டு சிரிப்பார்.

இங்கிருந்து தம்மாமுக்குத் திரும்பிய கரீம் பாட்சா போன வாரம் வெறுங்கையோடு வந்து நின்றிருப்பாரே, வாப்பா பேசிய கேசட்டை ஏன் கொடுத்துவிடவில்லை என்று மனசு கலங்கியிருப்பாய். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அந்தக் கதையும் இதிலேயே வரும்.

பாட்டுக் கேட்கிற கேசட்டிலிருந்துதானே இந்தக் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எல்லாம் ஒயர் வழியாகச் சத்தமாகப் போய் ஏறுகிறது. கேசட் ஏறாததற்கு முக்கால்வாசிக் காரணம் டேப் ரெக்கார்டரின் சத்தம்தான். கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. முக்காலில் வைத்து ஆரம்பித்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பார்க்கச் சொல். சரியான இடம் கிடைத்ததும் அங்கே ஒரு கோடு போட்டுவிட வேண்டும். நான் தோலில் அளவு குறிக்கிற வெள்ளிப் பென்சிலால் போட்டேன். மெஹராஜ் அதுவரை தினமும் கால்மணி நேரம் சத்தம் வைக்கிற அந்தத் திருகுடன் மல்லுக்கட்டுவாள். கோடு போட்ட அன்றைக்கு, வாப்பா, இது எனக்குத் தோணலையே என்றாள். அன்று இரவு நான் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

டேப் ரெக்கார்டருக்குள் கேசட் உரசுகிற இடத்தை மாதம் ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். (ஸ்பிரிட். தின்னர் இல்லை.) இரண்டு ஒயர் போகிறதல்லவா, எழுதியதைக் கேசட்டில் ஏற்றும்போது ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் அது பேசியதை அதுவே கேட்டுக் குழம்பிவிடுகிறது. உன் உம்மாவும் சாச்சியும் ஒரே நேரத்தில் பேசுவது போல.

கரண்டு கொடுக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி நன்றாகச் சூடாகும். அதை மெத்தையில் வைக்கக் கூடாது, ஒரு ஓட்டுத் துண்டின் மேல் வைக்க வேண்டும். கேசட்டை டீவி மேலேயும் ஸ்பீக்கர் பக்கத்திலும் வைக்கக் கூடாது, உள்ளே இருப்பது கெட்டுப்போகுமாம். மோட்டார் ஓடுகிற லைனில் மாட்டவே கூடாது. இங்கே கீழே பட்டறையில் தையல் மோட்டாரைப் போட்டால் மேலே கம்ப்யூட்டர் ஒரு துடி துடித்து, எழுதியது அத்தனையையும் மறந்துவிடும். அவள் மாடியிலிருந்து வாப்பா என்று ஒரு சத்தம் போடுவாள் பார், சயான் வரை கேட்கும். அதனால் இப்போது அரைமணிக்கு ஒருமுறை கேசட்டில் ஏற்றிக்கொள்கிறாள். பெரிய வேலையை, பட்டறை பந்த் ஆகி மூடியிருக்கிற வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறாள். நீங்கள் ஏஸி மெக்கானிக்குகள் ஆயிற்றே, உங்கள் ரூமில் ஏஸி ஓடுகிற லைனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு கேசட்டில் ஒரே ப்ரோக்ராமை இரண்டு தடவை ஏற்ற வேண்டும். ஒன்று முடிந்து கொஞ்சம் இடம் விட்டு மறுபடியும் அதையே. நம்பர் ஓடுகிற சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதில் எந்த நம்பரில் எது இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. இனிமேல்தான் கதை.

மாட்டுங்காவில் சந்திரமௌலி என்று ஒரு சார், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறார். லீவில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று தேடினார். மெஹராஜ் பி.காம். பரீட்சைக்குக் காத்திருக்கிறவள், எந்தக் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டும் கிடையாது. அவரே, சர்டிபிகேட் வேண்டாம், நீயாக எழுதிய ப்ரோக்ராம் ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டுவந்து என் முன்னால் ஓட்டிக் காட்டு, அதுதான் பரீட்சை என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத் தவறினால் வேறு ஒரு பையன் தயாராக இருந்தான்.

அவள் என்ன எழுதினாள் தெரியுமா? நம் தெருப் பிள்ளைகள் ஹிந்தி பொழிகிறார்கள், தமிழ் எழுத்தைக் காட்டினால் முறுக்கா ஜிலேபியா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக உயிரெழுத்துப் பன்னிரண்டும் டீவியில் ஒவ்வொன்றாக வளர்ந்து வருகிற மாதிரி செய்தாள். இந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது. கட்டம் போட்ட தாளில், எந்தக் கட்டம் கறுப்பு எந்தக் கட்டம் வெள்ளை என்று நிரப்பிச் சொல்லிக்கொடுத்தால் எழுதும். எந்த பாஷையானாலும் முடியும். வெயிலுமுத்துவுக்கு இது உபயோகப்படும், ஊருக்கு எழுதுகிற கடிதத்தின் தலைப்பையாவது போட்டுப் பார்க்கட்டும். இப்படி நிரப்பிய எழுத்துத் துண்டு ஒரே நேரத்தில் இருபத்தொன்றுக்கு மேல் அது தாங்காதாம். அதற்கு அவள் ஏதோ வித்தை செய்தாள். விளக்கினாள். நான் தலையாட்டினேன். ஆனால் ஈ என்ற எழுத்து கரப்பான்பூச்சி மாதிரி வந்தபோது, இந்தப் புள்ளியை எடு, வளைவுக்கு இங்கே ஒன்று வை என்று சொன்னது நான். பையில் பேர் அச்சடிக்கிறவனுக்கு இது தெரியாதா. ஆறு வாரம் இப்படிப் போனது.

போன மாதம் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தேன். உம்மாவும் மெஹராஜும் காட்கோபரில் சைனப் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஞாயிறு கரீம் பாட்சா புறப்படுகிறார், பட்டறைச் சத்தம் இல்லை, உனக்குப் பேசி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட் இருந்தது. நான் வாங்கி வைத்த புதுக் கேசட் மாதிரியே. ஆரம்பத்துக்குச் சுற்றினேன், பிஸ்மில்லா சொல்லி ப்ளே, ரெக்கார்டு இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். பேசினேன். நிறுத்தினேன். ஒயரையெல்லாம் இருந்தபடியே மாட்டி வைத்தேன், அந்த வகையில் நான் ரொம்ப ஒழுங்கு.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஒத்திகை பார்க்க உட்கார்ந்தாள். கேசட் ஏறும்போது டீவியின் ஓரத்தில் ஒழுங்காக ஓட வேண்டிய கோடுகள், கண்ணில் தூசி விழுந்தது போலச் சிமிட்டின. எழுத்து ஒன்றும் வரவில்லை. திருகைக் கோட்டில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஒயரைப் பிடுங்கினாள். உள்ளேயிருந்து நான் வந்தேன். மகனே முகைதீன், இங்கே மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, உன் உம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை என்று கம்ப்யூட்டருக்கு நலம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

அவள் அந்தக் கட்டத் தாள்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. உன் உம்மா அவளுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டாள். பேச வாய் இருக்கே, கையில இருக்கது என்ன கேசட்டுன்னு பாக்கக் கண்ணு இல்லையா, பிள்ளை ஆறு வாரம் முதுகு ஒடிய உக்காந்ததை ஒரு மத்தியானத்துல தின்னுட்டு நிக்கிறீங்களே என்றாள்.

ரெண்டாவது தடவையும் இதிலேதான் ஏத்தியிருந்தேன், இந்தப் பக்கமே, அதுவும் போயிருக்கும் என்றாள் மெஹராஜ். நீங்க பேசினா கேசட்டு தானா டக்குனு நிக்கிற வரைக்கும் பேசுவீங்களே வாப்பா என்றாள். உண்மைதானே. ஒரு பக்கம் போதாமல் மறுபக்கம் திருப்பிப் போடுகிறவன் நான்.

கேசட்டை ஓட விட்டாள். என் குரல் போய்க்கொண்டே இருந்தது. முட்டுவலி, தண்ணீர் வராதது, பாண்டுப்பில் ஒரு கல்யாணம். பிறகு ஒரு டக். பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரத்தில் உன் உம்மா யாசீன் ஓத ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் கூ என்று ஒரே சீராக ஒரு சத்தம், அதன் பின்னால் ப்ரோக்ராம் ஓடுகிற கிரீச் சத்தம். வேறு வீட்டில் அதைக் கேட்டால் காதைப் பொத்துவார்கள். எங்கள் மூன்று பேருக்கும் அது பாங்கு சத்தம் மாதிரி இருந்தது. முதல் தடவை ஏற்றியதைத்தான் நான் அழித்திருந்தேன். இரண்டாவது முழுசாக இருந்தது. ஒயரை மாட்டி ஏற்றினாள். அ வந்தது, ஆ வந்தது. ஈ ஏக்தம், அச்சு அசலாக, என் ஈ தான்.

உடனே புதுக் கேசட் இரண்டில் பிரதி எடுத்தாள். வெயிலுமுத்துவுக்கு இதை அடிக்கோடு போட்டுச் சொல்: கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு, பால்பல் மாதிரி இருக்கும். அதை உடைத்துவிட்டால் பிறகு எந்த வாப்பாவாலும் அதில் பேச முடியாது. ரெக்கார்டு பட்டன் இறங்கவே இறங்காது. அழித்து எழுத வேண்டும் என்றால் அந்த ஓட்டையில் ஒரு ஒட்டுத் துண்டு போதும். மூன்று கேசட்டுக்கும் தோல் சீவுகிற கத்தியால் நானே பல் பிடுங்கினேன், அதனால்தான் கரீம் பாட்சாவிடம் கொடுத்துவிட ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை எங்கள் டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு மெஷினில் ஏற்றியதை இன்னொரு மெஷின் சில நேரம் படிக்காது, அதனால் சொந்த மெஷினையே கொண்டுபோவது நல்லது. சந்திரமௌலி சார் என்னைப் பார்த்து, நீங்க யாரு என்றார். டேப் ரெக்கார்டரோட வந்தவன் சார் என்றேன். மெஹராஜ் தலையில் அடித்துக்கொண்டு, என் ஃபாதர் என்றாள். முதல் தடவையிலேயே ஏறியது. பன்னிரண்டு எழுத்தும் வந்தது. அவர் மறுபடி போடச் சொன்னார். பிறகு அந்த வெள்ளிக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, இது யார் யோசனை என்றார். அவள் என்னைக் காட்டினாள். உள்ளே இருந்த நாலு டேப் ரெக்கார்டரிலும் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் நாலு மணிக்கு அங்கே போகிறாள், ஏழுக்குத் திரும்புகிறாள். மற்ற நேரம் பரீட்சைக்குப் படிப்பு. அவள் எழுதாததற்குக் காரணம் இதுதான். முகைதீன் காக்காவுக்கு என் சலாம் சொல்லுங்க, அவர் கம்ப்யூட்டர் அனுப்பலைன்னா நான் ஏது என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உம்மா உனக்கு இஞ்சி மொரப்பா கிண்டி வைத்திருக்கிறாள், அடுத்து யார் வந்தாலும் கொடுத்துவிடுவோம். வெயிலில் மொட்டைமாடியில் ஏறி வேலை செய்யும்போது தலையில் துணி கட்டிக்கொள். வெயிலுமுத்துவுக்கு ஏறினால் இரண்டு வரி எழுது. ஏறாவிட்டாலும் எழுது, மெஹராஜிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அன்றைக்கு மாட்டுங்காவிலிருந்து திரும்பும்போது, ஏன் வாப்பா மூணு நிமிஷத்துல நிறுத்திட்டீங்க, அப்படி நிறுத்துற ஆளு இல்லையே நீங்க என்று கேட்டாள். தொண்டை காய்ந்துவிட்டது என்றேன்.

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு டிப்ளமா சீட் கிடைத்தபோது வீட்டு நிலைமை சரியில்லை என்று சொல்லி உன்னை விசா எடுத்து தம்மாமுக்கு ஏற்றிவிட்டேன். நீயும் சரி வாப்பா என்று போய்விட்டாய். அந்த வருஷம் பட்டறை நன்றாக ஓடியது மகனே. நீ படித்து வந்தால் உனக்கும் எனக்கும் பேச ஒன்றும் இருக்காது என்று பயந்துபோனேன். இந்தப் பிள்ளை படிக்கப் படிக்க என்னிடம் எவ்வளவு பேசுகிறாள் என்பதை உனக்குச் சொல்லத்தான் அன்று உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேன்.

அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

உன் வாப்பா
முகம்மது ஹனீப்