தொட்டிக்குக் கீழே ஒரு கதவு

ஜூன் 22, ஞாயிறு

இல்லை, பிடிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. கீதா நல்ல பெண். அண்ணனுக்கு ஏற்றவள். இதை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என்னிடம் சொல்லத்தான் நாள் பிடிக்கிறது.

கல்யாணமாகி ஏழு வாரம். என்னைவிட எட்டு மாதம் சின்னவள், நான் 'அண்ணி, வாங்க' என்கிறேன். இங்கே மட்டும் 'அவள்'.

இன்று கிராப் பேப்பரில் மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட் வரைந்தாள். புதுத் தொட்டி, நாலடி. அடியில் துளை, அதில் குழாய், வால்வு. பக்கத்தில் பில்டர். எல்லாம் ஸ்டாண்டுக்குள். முன்னால் இரண்டு கதவு.

"வால்வைத் தொறந்தா தண்ணி தானா போயிடும் கவி. யாரும் ட்யூப்ல வாய் வைக்க வேணாம்."

வாய் வைப்பது நான். ஆறு வருடமாக, ஞாயிறுதோறும். தண்ணீர் மாற்ற, பழைய தொட்டியில் ட்யூபைப் போட்டு உறிஞ்சுவேன். தண்ணீர் வாய்க்குள் வந்துவிடும், துப்புவேன், கலை அண்ணன் சிரிப்பான். வேறு எதற்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. திருச்சியில் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் இதற்காகவே சனிக்கிழமை பஸ் ஏறியிருக்கிறேன். இப்போது யாரும் வாய் வைக்க வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்ச் டேப்புடன் வந்தாள்.

"கையை நீட்டு."

"எதுக்கு அண்ணி?"

"நீட்டேன். தங்கக் காப்பு ஒண்ணும் போட்டுட மாட்டேன்."

தோளிலிருந்து விரல் நுனி வரை. இருபத்தாறு அங்குலம். தன் கையையும் அளந்தாள். இருபத்திரண்டரை. "அம்மாடி, கொக்கு கை" என்றாள். அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. அரியலூரிலிருந்து அவள் அப்பா அம்மா சீரோடு வந்து அழைத்துப் போனார்கள். ஒரு மாதம். ஸ்டாண்ட் படத்தைக் குரும்பலூர் தச்சர் ராசாங்கத்திடம் முன்பே கொடுத்துவிட்டாள். அவள் திரும்புவதற்குள் தொட்டியை வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும், போனில்கூட மூச்சு விடாதே என்கிறான் அண்ணன்.

வீடு பழைய அளவுக்கு வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகவும்.

ஜூலை 21, திங்கள்

காலை. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அவன் போன் அடித்தது, எடுத்தேன். ராசாங்கம்.

"பாப்பா, படத்துல முன்னால ரெண்டு கதவு இருக்கு. கீல் வாங்கப் போறேன். சரிதானே?"

"கதவு வேணாமாம். ஒரே பலகையா அடிச்சு மைக்கா ஒட்டிரச் சொன்னாங்க."

"அப்ப கை எப்படிப் போவும்?"

"பின்னாடி தொறந்துதானே இருக்கு."

"அண்ணி சொன்னாங்களா?"

"ம்."

பொய் சொல்ல ஒரே ஓர் எழுத்து போதுமாக இருக்கிறது.

ஏன்? யோசித்துச் சொல்லவில்லை. கதவு இல்லாவிட்டால் மறுபடி ட்யூப் வேண்டும். ட்யூப் என்றால் நான். இது இப்போது எழுதும்போது தோன்றுவது. அப்போது எதுவும் தோன்றவில்லை. வாயில் தயாராக இருந்தது.

ஜூலை 30, புதன்

ஸ்டாண்ட் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. முன்னால் முழுப் பலகை, தேக்கு நிற மைக்கா. ஒரு கோடு இல்லை. மூடிய முகம்.

"கதவு எங்க அண்ணே?" என்றான் அண்ணன்.

ராசாங்கம் என்னைப் பார்த்தார். "வேணாம்னு சொல்லிட்டாங்க தம்பி."

"கீதாவா? அவ சொன்னா காரணம் இருக்கும்."

அவ்வளவுதான். கேள்வியே இல்லை. நான் மூடச் சொன்ன பலகையும் அவள் பெருமையில் போய்ச் சேர்ந்தது.

குழாயை மாட்டி, ஸ்டாண்டைச் சுவரோரம் தள்ளினார்கள். நாலு விரல் இடைவெளி. இருநூற்றைம்பது லிட்டர். இனி நகராது. பழைய தொட்டியிலிருந்த ஆஸ்கர் மீனை நான்தான் விட்டேன். மூலைக்குப் போய் அசையாமல் நின்றது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆடி என்றால் பிரித்து வைப்பது. ஆனால் அண்ணனுக்கு வேலை அரியலூரில், சிமென்ட் ஆலையில். ஷிப்ட் முடிந்து தினமும் இரண்டு மணி நேரம் எங்கோ கரைகிறது. கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போனேன் என்கிறான். இந்த வாரம் நாலாவது முறை. பெருமாளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் தண்ணீர் மாற்றல். அண்ணன் தரையில் படுத்து, சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் கையை நுழைத்தான். அவன் கை தடிமன். விரல் நுனியால் தட்டித் தட்டி வால்வைத் திறந்தான். மூட முடியவில்லை. வால்வில் மாட்டியிருந்த ஹோஸின் நுனியை வெளியே இழுத்து, மடக்கி, கயிறு கட்டிவிட்டான்.

"போதும். இப்படியே கெடக்கட்டும்."

என் கை போகும். சொல்லவில்லை. ட்யூபை எடு கவி என்று கூப்பிடுவான் எனக் காத்திருந்தேன். கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வந்துவிட்டாள். தொட்டியைப் பார்த்து ஒரு நொடி முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து பலகையைத் தடவினாள், மாட்டின் வயிற்றைத் தடவுவதுபோல.

"கதவு எங்கங்க?"

"நீதானே வேணாம்னு சொன்னியாம்."

"நான் எப்ப சொன்னேன்? நம்ம போர் தண்ணிக்கு ரெண்டு வாரத்துல பில்டர்ல உப்பு கட்டிக்குமே. கதவில்லாம எப்படிக் கழுவுறது?"

அண்ணன் ராசாங்கத்துக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில். நான் சமையலறை நிலையில் நின்றேன். ஒரு தட்டு கையில்.

"யாருண்ணே கதவு வேணாம்னது?"

அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் நின்றது.

"நான்தான் தப்பா கேட்டுட்டேன் போல தம்பி."

"படத்துல போட்டிருக்குல்ல? கண்ணு தெரியாதா? இனிமே உங்ககிட்ட ஒரு முக்காலிகூடச் சொல்ல மாட்டேன்."

"சரி தம்பி."

அவர் எனக்கு என்ன வேண்டும்? ஒன்றும் இல்லை. அம்மாவின் பீரோவைச் செய்தவர். அவ்வளவுதான். தட்டைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. அதாவது, இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை பத்து மணி. அண்ணன் வேலையில், அம்மா குன்னத்தில் ஒரு வளைகாப்புக்கு. ஹாலில் கால் வைத்தால் தண்ணீர். ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஹோஸ் வால்வைவிட்டுக் கழன்றிருக்கிறது. வால்வோ திறந்து கிடக்கிறது.

அண்ணி படுத்துக் கையை விட்டாள். கன்னம் சுவரில் நசுங்கியது. எட்டவில்லை. எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலிருந்து தொட்டிக்குள் கையைவிட்டுத் துளையை உள்ளங்கையால் அடைத்தாள். சேலை, தலைமுடி எல்லாம் தண்ணீரில். ஆஸ்கர் அவள் முழங்கையை முட்டிக்கொண்டிருந்தது.

"நிக்கல கவி, கசியுது. நீ விடு. உன் கைக்குத்தான் எட்டும்."

படுத்தேன். தோள் வரை விட்டேன். ஏதோ ஆணி கீறியது. முகம் சுவர்ப் பக்கம், சுண்ணாம்பு வாடை. அவள் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணி. கதவு வேணாம்னு ராசாங்கத்துகிட்ட சொன்னது நான்தான்."

தண்ணீர்ச் சத்தம்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. முதல்ல வால்வத் திருப்பு. வலப் பக்கம்."

உப்பு பிடித்து இறுகியிருந்தது. விரல் வழுக்கியது. மூன்றாவது தடவை திரும்பியது. தண்ணீர் நின்றது.

இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்தோம். பாதித் தொட்டி. அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும். சேலை முந்தானையைப் பிழிந்தாள்.

"ஏன் கவி?"

"நீங்க கையை அளந்தீங்க" என்றேன். முட்டாள்தனமான பதில்.

"நீதானே மீனுக்குப் பண்ணுவ. வேற யாரு கைய அளக்கிறது? நான் மீனையே தொட்டது கிடையாது. பயம். இப்ப முட்டுச்சே, உயிரே போயிடுச்சு."

பிறகு அவளே: "என் மேல கோவம்னா என்கிட்ட காட்டு. அந்த மனுசன் பாவம். எதுக்கு அவரு திட்டு வாங்கணும்?"

எழுந்து மாப் எடுத்து வந்தாள். என்னிடம் கொடுத்தாள்.

செப்டம்பர் 3, புதன்

ஸ்டாண்டோடு ராசாங்கம் திருப்பித் தந்திருந்த படத்தைத் தேடி எடுத்தேன். கதவின் ஓரத்தில் சின்ன எழுத்தில் என் முழுப் பெயர்: கவியா, 26. வால்வு வரை இருபது அங்குலம், முழங்கை மடக்க இடம் விட்டு. 'கீதா' என்று எங்கும் இல்லை.

பொறாமை போய்விட்டதா? இல்லை. நேற்று மாலை அவர்கள் அறையில் சிரிப்புச் சத்தம் வந்தது, எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். அது இருக்கும் போலிருக்கிறது. ஆனால் அதற்கு இன்னொருவர் வேலை இழக்க வேண்டியதில்லை.

அண்ணனிடம் காலையில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "நீயா?" என்றான். பிறகு பாதித் தட்டோடு எழுந்துவிட்டான். அண்ணிதான் அவனுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு ராசாங்கத்துக்குப் போன் செய்தேன்.

"நான் பொய் சொன்னேன்ண்ணே. வீட்டுல சொல்லிட்டேன்."

"தெரியும் பாப்பா. புதுப்பொண்ணு முன்னால உன்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னு பாத்தேன். சரி, கதவு போடணுமா?"

"போடணும்."

"தண்ணி நிக்கிற தொட்டிக்குக் கீழ மெஷின் ஓட்ட மாட்டேன். தண்ணிய எறக்கி வை, நாளைக்கு வரேன்."

ஆஸ்கரைப் பெரிய டிரம்முக்கு மாற்றினேன். மிச்சத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். பதினாறு வாளி.

பிறகு வால்வைக் கழற்றி, உப்பு கரைய வினிகரில் ஊற வைத்தேன்.