சுவரில் இல்லாதவர்கள்

ஜனவரி 9, வியாழன்

இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. குளிர்கால விளையாட்டுகளை நடத்தத் தகுதியானவை மூன்றே ஊர்களாம். வடக்கே ஒரு தலைநகரம், வளைகுடாவில் ஒரு பாலைவன நகரம், மூன்றாவதாக நாங்கள், செர்னோவிர். மேயர் மேசையைத் தட்டி அறிவித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. எங்கள் பேருந்து நிலையக் கழிப்பறைக்கு மூன்று வருடமாகத் தாழ்ப்பாள் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பாலைவனத்துல கூரை போட்டு, அதுக்குள்ள பனி செஞ்சு காட்டப் போறாங்களாம். அவங்ககிட்ட பனியைத் தவிர எல்லாம் இருக்கு. நம்மகிட்ட பனியைத் தவிர ஒண்ணும் இல்ல. அப்புறம் ஏன் நமக்குக் கிடைக்கக் கூடாது?" என்றார் மேயர். அப்போதுதான் சிரித்தார்கள்.

விண்ணப்ப அலுவலகத்துக்கு நான்தான் தலைவி. பார்வையிடும் குழு பிப்ரவரி 12 வருகிறது. கிடைத்தால் இந்த ஊர் பிழைக்கும், நானும் பிழைப்பேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வேலை தரப் போகிறார்கள்?

ஜனவரி 14

விமான நிலையத்திலிருந்து வரும் பெரிய வீதியில் இன்று வெளியூர்க்காரி மாதிரி நடந்து பார்த்தேன். சுவருக்குச் சுவர் செத்தவர்கள். விளக்குக் கம்பத்தில், ரொட்டிக்கடைக் கதவில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே திரும்பினாலும் புகைப்படமும் கறுப்புக் கட்டமுமாக இரங்கல் தாள்கள். நேற்றுப் போனவர், நாற்பதாம் நாள்காரர், ஒரு வருடக்காரர், பதினாறு வருடமாகியும் விடாதவர். நாம் பேருந்துக்கு நிற்கும்போது இந்தத் தாள்களைப் படித்து, "அட, இவரும் போயிட்டாரா" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவோம். புதிதாக வருகிறவன் என்ன நினைப்பான்? ஊரில் கொள்ளைநோய் என்று நினைத்து அடுத்த விமானத்தைப் பிடிப்பான்.

மேயரிடம் சொன்னேன். "எடுத்துடு" என்றார். ஒரே வார்த்தைதான் சொன்னார். மனிதருக்குக் கண்ணில் ஒரு மின்னல்.

ஜனவரி 20

உத்தரவை நானே எழுதினேன். பெரிய வீதியிலும் அதைத் தொடும் தெருக்களிலும் சுவர், கம்பம், கதவு எதிலும் இரங்கல் தாள் கூடாது. தினமும் விடியற்காலை சுத்தம் செய்ய வேண்டும். கடைசியில் "மறு உத்தரவு வரும் வரை" என்று சேர்த்தேன். அது இல்லாவிட்டால் உத்தரவு மொட்டையாக இருந்தது.

துப்புரவு மேற்பார்வையாளர் சாஷோ ஆட்களோடு வெந்நீர் வாளியும் சுரண்டியும் எடுத்து வந்தார்.

"மேடம், என் மாமனார் படமும் ஒட்டியிருக்கு. அதையும் எடுக்கணுமா?"

"உங்க மாமனாருக்குன்னு தனிச் சட்டம் போடவா?"

"ஐயோ, வேணாம் மேடம். சந்தோஷத்துல கேட்டேன்."

சாயங்காலத்துக்குள் வீதி வழித்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. பார்க்கவே நிறைவாக இருந்தது.

ஜனவரி 27

அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் வீடு பெரிய வீதியில்தான். முப்பது வருடம் அந்த வீதியில் மின்சாரப் பேருந்து ஓட்டியவர். அதனால் வீதியே தனக்குச் சொந்தம் என்ற நினைப்பு.

"பிப்ரவரி பத்து உங்க அம்மாவுக்கு வருஷம். தாள் அச்சடிச்சாச்சு. கீழ் வாசக் கதவுல ஒட்டப் போறேன்."

"வேணாம்ப்பா. குழு போனதும் ஒட்டுங்க."

"அவ செத்தது பிப்ரவரி பத்து. குழுவைக் கேட்டுத் தேதி மாத்திச் சாகலையே."

"நாலு நாள் பொறுத்தா என்ன குறைஞ்சு போகும்?"

"உன் விளையாட்டை நாலு நாள் தள்ளிப் போடேன், என்ன குறைஞ்சு போகும்?"

அவருடைய பகடைக் கூட்டாளி மெத்தோடி மாமா குளிர்காலம் முழுக்க மகள் வீட்டில். அவர் ஊரில் இருந்தால் இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் பலகையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். இப்போது திட்டுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

பிப்ரவரி 4

ஒட்டிவிட்டார். சாஷோ ஆட்கள் சுரண்டினார்கள்.

பிப்ரவரி 5

மறுபடி ஒட்டினார். மறுபடி சுரண்டினார்கள்.

பிப்ரவரி 7

இன்றைக்கு நானே போனேன். வேலைக்காரர்கள் தயங்குகிறார்களாம், "மேடத்தோட அம்மா" என்று. அந்தத் தயக்கத்தை வளரவிட்டால் நாளைக்கு ஊரில் ஒவ்வொருவரும் தயங்குவார்கள். படத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் கை நிற்கும் என்று சாஷோவிடம் சொன்னேன். கையுறையைக் கழற்றிவிட்டு விளிம்பைப் பிடித்து இழுத்தேன். அம்மாவின் நெற்றியும் கண்ணும் வந்தன, வாய் கதவிலேயே நின்றுவிட்டது. அதையும் சுரண்டினேன். அப்பா மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். திரையை இழுத்து மூடிவிட்டார்.

பிப்ரவரி 10

அம்மாவுக்கு ஒரு வருடம். ரொட்டியும் உப்பும் நீட்டி விருந்தாளிகளை வரவேற்கும் பெண்களுக்கு ஒத்திகை இருந்தது. கல்லறைக்கு அப்பா தனியாகப் போனாராம், செத்தவர்களுக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமையும் இரட்டைப்படையில் பூவும் எடுத்துக்கொண்டு. பக்கத்து வீட்டு ஸ்லாவ்காதான் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

பிப்ரவரி 12, புதன்

குழு வந்தது. தலைவர் வெள்ளைத் தாடி வைத்த டென்மார்க்காரர், எதைக் காட்டினாலும் தலையாட்டுகிறவர். மலை பார்த்தார், பனி பார்த்தார், சுத்தமான வீதியையும் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்பா வீட்டெதிரே பேருந்து நிறுத்தத்தில் சிக்னல் விழுந்தது. கார் நின்றது.

கொட்டும் பனியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தொப்பி இல்லை. அம்மாவின் தாளைக் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தில் ஊசி குத்தி மாட்டியிருந்தார். சுவரில்தானே ஒட்டக் கூடாது! முதுகிலும் ஒன்று. எங்கள் கண்ணாடிக்கு நேரே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

டென்மார்க்காரர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளன் யாவோர் முன் இருக்கையிலிருந்து திரும்பினான். "அந்தப் பெரியவர் யார்னு கேக்கறார் மேடம்." யாவோர் இந்த ஊர்ப் பையன். அவனுக்கு என் அப்பாவைத் தெரியும்.

"தெரியலைன்னு சொல்லு" என்றேன். "மனநிலை சரியில்லாதவர் போலிருக்குன்னு சொல்லு."

யாவோர் ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு அப்படியே சொன்னான். டென்மார்க்காரர் "பாவம்" என்கிற மாதிரி தலையாட்டினார். பச்சை விழுந்தது, கார் நகர்ந்தது.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? — என்னதான் சொல்லியிருக்க முடியும்? செத்துப்போன என் அம்மாவைக் குத்திக்கொண்டு நிற்கிற என் அப்பா, அவரைத் தடுத்தது நான்தான், வாங்க மலையைப் பார்க்கலாம் — இப்படியா?

பிப்ரவரி 13

யாவோர் வாய் ஓட்டை. விஷயம் ராத்திரிக்குள் ரொட்டிக்கடை வரை போய்விட்டது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"யாருங்க பேசறது?"

"அப்பா, நான்தான்."

"எனக்கு யாரையும் தெரியாதுங்க. எனக்கு மனநிலை சரியில்ல. வெச்சிடுங்க."

குரலில் கோபமே இல்லை. மனுஷனுக்குக் கோபம் வந்திருந்தா நான் பொழைச்சிருப்பேன்.

பிப்ரவரி 24

அப்பா ஆஸ்பத்திரியில். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. பிப்ரவரிப் பனியில் தொப்பி இல்லாமல் நின்றால் எழுபத்தெட்டு வயதுக்கு வேறென்ன வரும்? குழு ஊரில் இருந்த மூன்று நாளும் அங்கேயே நின்றிருக்கிறார். நாங்கள் இரண்டாம் நாளிலிருந்து வேறு வழியாகப் போனது அவருக்குத் தெரியாது.

கோழி சூப் கொண்டுபோனேன். செவிலி அவரிடம் கேட்டாள்: "உங்க பொண்ணா தாத்தா?"

"இல்லம்மா. நகராட்சி ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க" என்றார்.

அவள் எனக்கு மரியாதையாக ஒரு நாற்காலி போட்டாள்.

பிப்ரவரி 28

பாலைவனத்துக்குக் கிடைத்தது.

குழு அறிக்கையில் எங்களைப் பற்றி ஒரே ஒரு வரி: "ஊர் சுத்தமாக இருக்கிறது, நினைவில் நிற்கும்படி எதுவும் இல்லை." மேயர் முதல் பாதியை மட்டும் பத்திரிகைக்காரர்களிடம் படித்தார். விண்ணப்ப அலுவலகத்தை மூடியாயிற்று. என் நாற்காலியைக் குடிநீர்த் துறைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 1

வருடம் முழுக்க நோய் அண்டாமலிருக்க ஊரே மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொண்டு அலைகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒன்று வாங்கிப்போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கும்போது கட்டிவிட்டேன். விழித்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மார்ச் 5

விடியற்காலையில் போய்விட்டார். நூல் கையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

நானே போய்த் தாள் அச்சடித்தேன். ராடோய், எழுபத்தெட்டு வயது, மின்சாரப் பேருந்து ஓட்டுநர், அடக்கம் நாளை மதியம். ஓட்டுநர் சீருடையில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். வாசல் கதவில், ரொட்டிக்கடையில், பேருந்து பணிமனைச் சுவரில், நிறுத்தம் நிறுத்தமாக என் கையாலேயே ஒட்டினேன். முடித்தபோது விளக்குப் போடும் நேரம்.

மார்ச் 6

பாதிரியார், நான், ஸ்லாவ்கா, குழி வெட்டுகிறவர்கள். அவ்வளவுதான் கூட்டம். முப்பது வருடம் இந்த ஊரை ஏற்றி இறக்கியவர்! பணிமனையிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம், பாதிரியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

என்மேல் உள்ள கடுப்பை அவரிடம் காட்டிவிட்டார்கள். பெத்த அப்பனைத் தெரியாதுன்னு சொன்னவளோட வீட்டு சாவுக்கு எவன் வருவான்? வர வேணாம். ஒருத்தனும் வர வேணாம். நாய்கள்.

மார்ச் 7

பணிமனைக்குப் போனேன், நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வர. வாசலில் நின்ற கிழட்டு ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ராடோய் எப்படி இருக்கார்? ஆஸ்பத்திரியில இருந்து எப்ப விடறாங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். என் தாள் இல்லை. வழித்து எடுத்திருந்தார்கள். ரொட்டிக்கடையில் இல்லை. நிறுத்தங்களில் இல்லை. வாசல் கதவில் நான்கு மூலைப் பசை மட்டும்.

சாஷோவைப் பிடித்தேன்.

"விடிகாலைல எப்பவும் போலச் சுத்தம் பண்ணினோம் மேடம்."

"செத்தது எங்கப்பாய்யா! படத்தைப் பாக்கலியா?"

"படத்தைப் பாக்காதீங்க, பாத்தா கை நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க." தலையைச் சொறிந்தார். "மறு உத்தரவு வரும் வரைன்னு போட்டிருக்கு. வாங்கிட்டு வாங்க, நிறுத்திடறேன். எனக்கு மட்டும் ஆசையா?"

மார்ச் 10

மறு உத்தரவு போட வேண்டிய அலுவலகம் என்னுடையது. அது இப்போது இல்லை. மேயரிடம் போனேன்.

"வருத்தமான விஷயம்தான் பில்யானா. ஆனா அறிக்கையில நம்மளப் பாராட்டின ஒரே வரி அதுதான். சுத்தமான ஊர். அடுத்து கோடைக்கால விளையாட்டுக்குப் போடலாம்னு இருக்கோம். அதுவரைக்கும் இருக்கட்டுமே."

கடலும் இல்லாத, அரங்கமும் இல்லாத ஊர். கோடைக்கால விளையாட்டு.

"நல்ல யோசனைம்மா உன்னுது" என்று வாசல் வரை வந்து கை குலுக்கினார். பாராட்டத்தான் செய்தார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 19

மறுபடி ஒட்டினேன். சுரண்டினார்கள்.

மார்ச் 20

ஒட்டினேன். சுரண்டினார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன், அப்பா நின்ற அதே ஜன்னலில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாற்பதாம் நாள். காலையிலேயே அப்பா வீட்டுக்குப் போய்க் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி டப்பாவில் எடுத்துக்கொண்டேன். இரட்டைப்படையில் பூ. கல்லறைக்குக் கிளம்பிக் கீழே வந்தால் வாசல் பெஞ்சில் மெத்தோடி மாமா. மடியில் பகடைப் பலகை. மகள் வீட்டிலிருந்து நேற்றுச் சாயங்காலம்தான் வந்தாராம். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்த உடனே முதல் வேலையா வீதி முழுக்கச் சுவரைப் பாத்துட்டேன் பில்யானா. ஒரு தாள் கிடையாது! இந்தக் குளிர்ல நம்ம ஆளுங்க ஒருத்தர்கூடப் போகல பாரேன்! எனக்கு எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுமா?"

நான் டப்பாவைப் பைக்குள் தள்ளினேன். பூவை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"நேத்தே மேல மணி அடிச்சேன், உங்கப்பன் திறக்கல. உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டியா?"

"ஆமா மாமா."

"நல்ல பொண்ணு. அவன் வாய்க்கு வேற எவளும் வெச்சுக்க மாட்டா. எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார்."

"கடைசி ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போனோம். அவன் முறைதான்னு சொல்லு. ஏமாத்தலாம்னு பாக்க வேணாம், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"சொல்றேன்."

"எப்ப வருவான்?"

"கொஞ்சம் வெயில் வரட்டும் மாமா" என்றேன்.

அவர் பலகையைத் திறந்து காய்களை அடுக்க ஆரம்பித்தார், இரண்டு பக்கமும்.