முதுகு காட்டும் ஷாட்

நவம்பர் 18, 2024

காலையில் ஒரு சீரியல் மாமியாருக்காக மூன்று மணி நேரம் கத்தினேன். மத்தியானம் ஏழு வயசுப் பையனுக்காக இருமினேன். தொண்டை கம்மிவிட்டது. உப்பு வெந்நீரில் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களைப் போன்ற டப்பிங் ஆட்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பார்த்தசாரதி சார், இன்று கோடம்பாக்கம் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தார். அப்படி வருகிற ஆள் இல்லை. 'கொக்கிலமேடு' படத்தை வங்கக்கரை திரை விருதுக்கு அனுப்புகிறார்களாம். அதில் சிறந்த பின்னணிக் குரலுக்கும் ஒரு விருது உண்டு. "உன் பேரைத்தாம்மா போடச் சொல்லியிருக்கேன். வேற யாரு இருக்கா" என்றார்.

பத்தொன்பது வருஷம். முதல் நாள் ஸ்டுடியோவில், "அந்தச் செங்கல்பட்டுப் பேச்சை வாசல்லயே விட்டுட்டு வா" என்றார்கள். விட்டுவிட்டுத்தான் போனேன், தினமும், செருப்போடு சேர்த்து. இந்த ஒரு படத்தில்தான் அதை உள்ளே கொண்டு வா என்றார்கள். கதாநாயகி திவ்யா பெங்களூரில் வளர்ந்தவள், மீனவப் பெண்ணாக நடித்தாள். படம் முழுக்க அவள் வாயில் நான்தான் பேசினேன். என் வூட்டுப் பேச்சைப் பேசினேன்.

செங்கல்பட்டு வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

நவம்பர் 19

அம்மாவிடம் சொல்லவில்லை. கையில் வரட்டும்.

நவம்பர் 27

"உன் படத்துக்கு என்னைக் கூட்டிகினு போவ மாட்டியா" என்று அம்மா மறுபடி கேட்டாள். முழங்கால் வலியோடு தியேட்டர் படி ஏற முடியாது என்று சாக்குச் சொன்னேன். முழங்கால் இல்லை காரணம். இங்கேயாவது எழுதுகிறேன்.

நைனா லோடு ஏற்றப் போன இடத்தில், அச்சரப்பாக்கத்துப் பக்கம், வேன் மோதிச் செத்தார். ரோட்டோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நாங்கள் போனபோது அவரை வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். அங்கே அம்மா, நான், ஆஸ்பத்திரிச் சாவி வைத்திருந்த ஆள், மூன்று பேர்தான். அம்மா அழவில்லை. அந்த ஆளிடம் வழி கேட்கிற மாதிரி கேட்டாள். "இவரை இன்னாத்துக்குத் தரையில போட்டுகிறீங்க? அவருக்கு இழுப்பு கீது. ஜில்லுத் தரை ஆவாது."

பதினைந்து வருஷமாக நானும் அம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படத்திலும் கதாநாயகி புருஷன் பிணத்தைப் பார்க்கிறாள். டைரக்டர் கலையரசன் ஒரு பக்கம் ஒப்பாரி எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த ஷாட்டில் திவ்யா கேமராவுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். உதடு தெரியாத இடத்தில் எங்கள் தொழிலில் எதை வேண்டுமானாலும் பேசலாம். மைக் முன்னால் நின்றேன், காகிதத்தைப் பார்த்தேன், வாயில் அம்மா வந்தாள். பேசி முடித்ததும் சவுண்டு இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். "அக்கா, இது எங்கேர்ந்து வந்துச்சி" என்றார் கலையரசன். சும்மா வந்தது என்றேன்.

இப்போது விமர்சனம் எழுதுகிற அத்தனை பேரும் அந்த ஒரு வசனத்தைத்தான் எழுதுகிறார்கள். அம்மாவை எப்படிக் கூட்டிக்கொண்டு போவேன்?

டிசம்பர் 20

பரிந்துரைப் பட்டியல் வந்துவிட்டது. சிறந்த பின்னணிக் குரலுக்கு ஐந்து பேர். நான் இல்லை. நாலு முறை படித்தேன், இல்லவே இல்லை.

சிறந்த நடிகை: திவ்யா, 'கொக்கிலமேடு'.

கலையரசனுக்குப் போன் போட்டேன். சொந்தக் குரலில் பேசியிருந்தால்தான் நடிகை விருதுக்கு எடுப்பார்களாம், அது விதியாம். என் பெயரைப் போட்டால் திவ்யாவின் பெயர் போய்விடும். அதனால் கம்பெனியில் படிவத்தில் 'சொந்தக் குரல்' என்று எழுதிவிட்டார்கள். "சத்தியமா அக்கா, எனக்கே இப்பதான் தெரியும்" என்றார். நம்பலாமா? அச்சரப்பாக்கத்துக்காரர், எங்கள் பேச்சு பேசுகிறவர், என்னை அக்கா என்கிறவர். தெரியவில்லை.

சொந்தக் குரலாம். யாரோட சொந்தம்டீ அது? யார் வூட்டு சொத்து?

டிசம்பர் 21

படத்தின் கடைசி டைட்டிலில் பின்னணிக் குரல் என்று பதினோரு பெயர். ஏழாவது நான். யார் யாருக்குப் பேசினார்கள் என்று ஒரு வரி கிடையாது. நான்தான் பேசினேன் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

டிசம்பர் 25

காலையில் சர்ச்சில் பாடச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 3, 2025

யாரோ புகார் செய்திருக்கிறார்கள். நடிகை சொந்தக் குரலில் பேசவில்லை என்று நடுவர் குழுவுக்கு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. நான் எழுதவில்லை. எழுதத் துணிச்சல் இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

பார்த்தசாரதி சார் இன்று கேன்டீனுக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பையிலிருந்து டைப் அடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். 'ஜாய்ஸ் ஆகிய நான் கொக்கிலமேடு திரைப்படத்தில் கூட்டக் குரல் மட்டுமே கொடுத்தேன். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கவில்லை.' கீழே என் பெயர், மேலே கையெழுத்துக்கு இடம்.

"திவ்யா ஜெயிச்சா படம் ஜெயிச்ச மாதிரி. படம் ஜெயிச்சா நாம எல்லாரும் ஜெயிச்ச மாதிரி. நீ பெரிய மனசுக்காரிம்மா."

ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. என் குரலை எடுத்து என் கையாலேயே பரிமாறச் சொல்கிறார், பெரிய மனசு என்கிறார்.

"மாட்டேன்னா என்ன சார் ஆகும்" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது" என்றார். "உன்னைக் கூப்பிடுறதுக்கு எனக்குத்தான் சங்கடமா இருக்கும்."

நாளைக்குள் வேண்டுமாம்.

ஜனவரி 4

போட்டுவிட்டேன்.

பேனா கூட அவருடையதுதான்.

ஜனவரி 11

ஒரு வாரமாக யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போகிறேன், கூப்பிட்ட இடத்தில் அழுகிறேன், சிரிக்கிறேன், ரயிலேறி வருகிறேன். நேற்று பரனூர் தாண்டும்போது, இறங்கி நடக்கத் தொடங்கினால் யார் தேடுவார்கள் என்று யோசித்தேன். அம்மா தேடுவாள். அவ்வளவுதான் பட்டியல்.

முப்பத்தொன்பது வயசில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் எனக்கில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கழுத்தைப் பிடித்தா எழுத வைத்தார்கள்? டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் ஒரு மானங்கெட்டவள்.

ஜனவரி 30, வியாழன்

இதுவும் நடந்தது. 

விழா சனிக்கிழமை, மாமல்லபுரத்தில் கடலோர ஹோட்டலில். திவ்யா மூன்று நாள் முன்பே வந்து தங்கியிருக்கிறாள். மேடையில் அந்த வசனத்தைப் பேசிக் காட்டச் சொல்வார்களாம். பேச வராவிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் நான் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டும். பார்த்தசாரதி சார் போனில் இதைச் சொன்னபோது குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போகும்போது ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் என்ன? மூக்கைச் சிந்தி, மார்பில் அடித்து, சினிமா அழுகையாக அழச் சொல்லிக் கொடுத்தால், மேடையில் அவள் செய்யட்டும், இந்தக் கரையே சிரிக்கட்டும். பஸ் இறங்குகிற வரைக்கும் அதை நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன்.

திவ்யா கதவு வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கெட்டவளாகத் தெரியவில்லை, அதுதான் எரிச்சல். "அக்கா, நீங்கதான் அந்த சீன். எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்துதான் நிற்கிறாள்.

பேசிக் காட்டினாள். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. கண்ணீர் வேறு விட்டாள். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும், அதுதானே திட்டம். இருக்க முடியவில்லை. "அழாத. அது அழுவுற இடம் இல்ல. அவ அவரை எழுப்பி வூட்டுக்குக் கூட்டிகினு போவத்தான் வந்துகிறா" என்று வாய் சொல்லிவிட்டது.

பிறகு நிற்கவில்லை. எங்கே மூச்சை விட வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். அப்படியும் வரவில்லை அவளுக்கு. "இதை எங்க கேட்டீங்கக்கா? அந்த ஆளைச் சொல்லுங்க, நான் பிடிச்சிக்கறேன்" என்றாள்.

சொன்னேன். நைனா, வராந்தா, சாவி வைத்திருந்தவன், அம்மா கட்டியிருந்த புடவை வரைக்கும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அந்த ஏசி ரூமில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று பேசினாள்.

அப்படியே வந்தது.

பிப்ரவரி 1, சனி

டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அணைத்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். "நீ பேசுன படம்தானே, இருக்கட்டும்டி" என்றாள்.

திவ்யாதான் ஜெயித்தாள். பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே. அவ்வளவு பெரிய கூட்டமும் எழுந்து நின்றது. இனிமேல் நான் தலைகீழாக நின்று சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். "இந்த ரோலுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில மூணு நாள் உட்கார்ந்திருந்தேன். அங்க ஒரு அம்மா, புருஷனைத் தரையில பார்த்துட்டு, அழவே இல்ல..." என்று ஆரம்பித்தாள். புடவை நிறத்தைக்கூடச் சொன்னாள்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. டிவியையே பார்த்தாள். பிறகு மீதிப் பூண்டையும் உரித்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச்சுக்கு அம்மா தனியாகப் போனாள். வந்து, புடவைகூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அங்க மூணு பேர்தான் இருந்தோம். அந்தப் பொண்ணுக்கு யார் சொன்னது?"

"நான்தாம்மா."

"படத்துல?"

"அதுவும் நான்தான் பேசுனேன். உன்னைக் கேக்காம பேசிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன், கடிதம், கையெழுத்து, ஹோட்டல் ரூம், எல்லாம். திருடிவிட்டார்கள், திருடிவிட்டார்கள் என்று இந்த நோட்டு முழுக்க அழுதிருக்கிறேனே, முதலில் திருடியவள் யார்? அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னணிக் குரல் இல்லை, சொந்த அழுகை. அசிங்கமாக இருந்திருக்கும்.

அம்மா என் கையை விலக்கிவிட்டுச் சொன்னாள். "நீ பேசுன, சரி. நீ என் வயித்துல பொறந்தவ, நீ பேசுனா நான் பேசுன மாதிரி. என் புருஷன் செத்தத எடுத்து அவகிட்ட குடுக்கறதுக்கு நீ யாருடி?"



பிப்ரவரி 3

அம்மா பேசவில்லை. சோறு வைத்துவிட்டுப் போகிறாள்.

பிப்ரவரி 5

காலையில் அம்மா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "நீ பொய் கையெழுத்து போட்டன்னு நீயே எழுது. அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னதையும் எழுது. நானும் போடறேன்."

எழுதினால் இனி இந்தத் தொழிலில் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றேன். பொய் சொன்னேன் என்று நானே ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகும் என்றேன். விருதை அவளிடமிருந்து பிடுங்கி எனக்குத் தரப்போவதில்லை என்றேன்.

"இன்னா பண்ணிடுவாங்க? வாயைப் புடுங்கிக்குவாங்களா?"

பயத்தோடுதான் எழுதினேன், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி. 'கதாநாயகியின் குரல் என்னுடையது. அந்த வசனம் என் அம்மாவுடையது.' அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். மேரி. மூன்று எழுத்து போல நீளமாக வந்தது.

பிப்ரவரி 10

இருவரும் ரயிலில் போய் விருதுக் குழு ஆபீஸில் நேரில் கொடுத்தோம். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, "விழாவே முடிஞ்சிடுச்சேம்மா" என்றார். நகலில் சீல் குத்திக் கொடுத்தார்.

பிப்ரவரி 14

வேலை இல்லை. கூட்டக் குரலுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 17

இல்லை. போனை ஒலி கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 19

குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சோப்பு நுரையோடு கதவைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"ஜாய்ஸு குளிச்சிகினு கீது. யாரு, பார்த்தசாரதியா? என்னாண்ட சொல்லு, நானும்தான் கையெழுத்து போட்டுகிறேன்."

அவர் சொல்வதற்கெல்லாம் ஊம், ஊம் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அம்மா, "அவ வாபஸ் வாங்குனாலும் நான் வாங்கமாட்டேன்பா" என்றாள்.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். வைத்துவிட்டிருந்தார். கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அடுத்த வாரமே ஒரு பெரிய படம், கதாநாயகிக்கே குரல், என்றாராம்.

கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். ஒன்பது நாளாக அந்தப் போனுக்காகத்தான் காத்திருந்தேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் எடுத்திருந்தால் சரி சார் என்றுதான் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"தலையைத் துவட்டிகினு வா, கொயம்பு ஆறுது" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.